படத்தில் யார் கறுப்பு? குழந்தைகளின் விவிலியக் கதைநூல்களும் திருஅவை வரலாறும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)

 

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலையில், சுங்கச்சாவடியை ஒட்டிய ஊர் நம் கப்பலூர். மில்லுக்கும் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர் இங்கே அதிகம். ஷிப்டு முடிந்து வீடு வந்தால் சமைக்கவும் தூங்கவுமே நேரம் சரியாக இருக்கும். அதனால் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு நடக்கும் மறைக்கல்வி வகுப்பில்தான் பல பிள்ளைகள் விவிலியக் கதைகளை முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்க, படங்கள் நிறைந்த விவிலியக் கதைப் புத்தகம் ஒன்றை ஒருமுறை வாங்கினோம். வழவழப்பான தாள், பளிச்சென்ற வண்ணம், விலையும் மலிவு. உள்ளே புரட்டிப் பார்க்காமலே மொத்தமாக வாங்கிவிட்டோம். அது எங்கள் தவறு. வகுப்பில் இறுதி இராவுணவுப் பக்கத்தைத் திறந்தபோது ஒரு சிறுவன் கையைத் தூக்கினான். "சிஸ்டர், எல்லாரும் செவப்பா இருக்காங்க. யூதாஸ் மட்டும் ஏன் என்னைய மாதிரி கறுப்பா இருக்கான்?"

எங்களில் ஒருவர், "அது சும்மா படம்ப்பா" என்று சொல்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சிறுவனும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அன்று எங்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஏழு வயதுப் பிள்ளை, இயேசுவின் மேசையில் தன்னைத் தேடிப் பார்த்திருக்கிறான். காட்டிக்கொடுத்தவனின் இடத்தில்தான் தன் நிறம் அவனுக்குக் கிடைத்தது. அது சும்மா படமா?

அன்பானவர்களே, படம் என்பது சும்மா அல்ல என்று திருஅவை மிகப் பழங்காலத்திலேயே சொல்லியிருக்கிறது. கி.பி. 600ஆம் ஆண்டில் மார்சேய் நகரின் ஆயராக இருந்தவர் செரேனுஸ். மக்கள் படங்களை வணங்குகிறார்கள் என்று சினம் கொண்டு, கோவிலில் இருந்த படங்களை அவர் உடைத்துப் போட்டார். அப்போது திருத்தந்தையாக இருந்த புனித பெரிய கிரகோரி அவருக்குக் கடிதம் எழுதினார். வணங்கக் கூடாது என்று தடுத்தது சரி, உடைத்தது சரியல்ல என்றார். படிக்கத் தெரிந்தவருக்கு எழுத்து எதைத் தருகிறதோ, அதையே படிக்கத் தெரியாதவருக்குப் படம் தருகிறது என்பது அவர் சொன்ன காரணம்.

படிக்கத் தெரியாதவர் என்று அவர் அன்று நினைத்தது எளிய மக்களை. இன்று நம் வீட்டில் படிக்கத் தெரியாதவர் யார்? மூன்று வயதுப் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குப் படம்தான் நற்செய்தி நூல்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீனாட்சி அம்மன் கோவில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் திருவிளையாடல் கதைகளை ஓவியமாகத் தீட்டியிருந்தார்கள். ஏடு படிக்காத உழவரும் அதைப் பார்த்துக் கதையைத் தெரிந்துகொண்டார்கள். நம் வீடுகளிலும் சிவகாசியில் அச்சான காலண்டரில்தான் பலர் திருஇருதய ஆண்டவரை முதன்முதலாகப் பார்த்திருப்போம். சின்ன வயதில் சுவரில் பார்த்த முகம், கண்ணை மூடிச் செபிக்கும்போது இன்றும் முன்னே வந்து நிற்கிறது அல்லவா?

நல்லதைக் கற்றுக்கொடுக்கும் படம் கெட்டதையும் கற்றுக்கொடுக்கும். அதனால்தான் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் படங்களைப் பற்றித் தீர்மானம் செய்தபோது, தவறான போதனைக்கு இடம் தரும் படமும், எழுத்தறியாதவரைத் தவறான வழியில் கொண்டுபோகும் படமும் கோவிலில் இருக்கக் கூடாது என்று எச்சரித்தது. வழக்கத்தில் இல்லாத புதிய படத்தை வைக்க ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்றும் சொன்னது.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதற்கு யூதாசின் படங்களே சாட்சி. இத்தாலியின் பதுவா நகரில் 1305ஆம் ஆண்டை ஒட்டி ஜோத்தோ தீட்டிய ஓவியத்தில், இயேசுவை முத்தமிடும் யூதாஸ் மஞ்சள் மேலாடை போர்த்தியிருக்கிறான். ஃபுளோரன்சில் 1447இல் காஸ்தாஞ்ஞோ தீட்டிய இராவுணவில், மற்றச் சீடர்கள் எல்லாரும் மேசையின் ஒரு பக்கம் இருக்க, கருந்தாடியோடு யூதாஸ் மட்டும் எதிர்ப்பக்கம் தனியே உட்கார்ந்திருக்கிறான். இவை பெரிய கலைஞர்களின் படைப்புகள். அவற்றின் அழகை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவின் பல இடங்களில் யூத மக்கள் அடையாளத்துக்காக மஞ்சள் துணி அணிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட காலமும் இருந்தது. படத்தில் துரோகிக்கு மஞ்சள், தெருவில் யூதருக்கு மஞ்சள். பார்த்து வளர்ந்த பிள்ளை இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்குமா? புனித வாரத்தில் யூதர்கள் வெளியே தலைகாட்டப் பயந்த ஊர்கள் இருந்தன.

இந்தக் காயத்துக்கு மருந்தாக, 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தன் அறிக்கையில் தெளிவாகச் சொன்னது: இயேசுவின் பாடுகளுக்காக அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மீதும் வேறுபாடின்றிப் பழி சுமத்தக் கூடாது, இன்று வாழும் யூதர்மீதும் சுமத்தக் கூடாது. இயேசு யூதர். மரியன்னை யூதப் பெண். பேதுருவும் யோவானும் யூதர்களே. இதை மறந்த படங்கள்தான் வெறுப்பை வளர்த்தன.

சரி, நற்செய்தி என்ன சொல்கிறது? மாற்கு நற்செய்தி 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் சீடர்கள் யாரும் யூதாசைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் "நானா?" என்றுதான் கேட்டார்கள். முகத்தைப் பார்த்துத் துரோகியைக் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. பிறகு கெத்சமனியில், வந்த கூட்டத்துக்கு இயேசு யார் என்று காட்ட ஒரு முத்தம் தேவைப்பட்டது. படங்களில் வருவதுபோல இயேசு மட்டும் தனி நிறமாகப் பளிச்சென்று தெரிந்திருந்தால் முத்தம் எதற்கு? நம் ஆண்டவரும் பேதுருவும் யூதாசும் ஒரே மண்ணின் பிள்ளைகளைப்போல் இருந்தார்கள். அந்தச் சிறுவனுக்கு அன்றே நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

இனி, குழந்தைகளுக்கென்று படநூல்கள் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1529இல் மார்ட்டின் லூத்தர், குழந்தைகளையும் எளியவர்களையும் மனத்தில் வைத்து ஏறக்குறைய ஐம்பது மரச்செதுக்குப் படங்களோடு ஒரு சிறு நூலை வெளியிட்டார். கத்தோலிக்கர் பக்கம், புனித இஞ்ஞாசியாரின் விருப்பப்படி இயேசு சபைத் தந்தை ஜெரோம் நடால் ஒரு பெரும் பணியைத் தொடங்கினார். அவர் இறந்த பிறகு, 1593இல், ஆன்ட்வெர்ப் நகரில் 153 செப்புத்தகட்டுப் படங்களுடன் அவருடைய நற்செய்திப் படநூல் வெளிவந்தது. முதலில் அது இளம் துறவியரின் தியானத்துக்காகவே தயாரானது. ஒவ்வொரு படத்திலும் இடத்துக்கு இடம் ஓர் எழுத்து பொறித்திருக்கும். கீழே அதே எழுத்துக்கு நேராக, அங்கே என்ன நடக்கிறது என்ற விளக்கம் இருக்கும். படத்தை அவசரமாகப் புரட்டாமல், விரல் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்துச் செபிக்கப் பழக்குவது அதன் நோக்கம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "இது யாரு? இங்கே என்ன செய்றாங்க?" என்று கேட்கும் தாய் செய்வதும் அதைத்தானே?

அந்தப் படநூல் கப்பலேறிச் சீனா போனது. 1637இல் ஜூலியோ அலேனி என்ற இயேசு சபைக் குரு, அந்தப் படங்களைச் சீனக் கலைஞர்களைக்கொண்டு மரப்பலகையில் செதுக்கி, சீன மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பாவில் வரைந்ததை அப்படியே கொடுத்தால் போதாது, அந்த நாட்டுக் கண்களுக்கும் கைகளுக்கும் அதில் பங்கு வேண்டும் என்பது மறைப்பணியாளர்களுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

நம் நாட்டிலும் அது நடந்தது. 1580இல் ருதோல்ஃப் அக்குவாவிவா தலைமையில் அக்பரின் அரண்மனைக்குச் சென்ற இயேசு சபையினர், பல மொழிகளில் அச்சிட்ட விவிலியத் தொகுதிகளை அவருக்குக் கொடுத்தார்கள். அக்பர் அவற்றை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார் என்று உடன் இருந்த மொன்செராத்தே அடிகளார் எழுதி வைத்திருக்கிறார். பிறகு, புனித பிரான்சிஸ் சவேரியாரின் உறவினரான ஜெரோம் சவேரியார் இயேசுவின் வாழ்க்கையைப் பாரசீக மொழியில் எழுதி, 1602இல் அக்பருக்குக் கொடுத்தார். முகலாய ஓவியர்கள் அதற்குப் படம் வரைந்தார்கள்.

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மொழிபெயர்த்த செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளை அனுப்பினார். நோயாளிகளின் வீட்டுக்குத் தம்மால் போக முடியாதபோது பிள்ளைகளையே போய்ச் செபிக்கச் சொன்னார். அந்தக் கரையில் முதல் மறைக்கல்வி ஆசிரியர்கள் குழந்தைகள்தான்.

அவருக்குப் பின் அதே கரையில் உழைத்தவர் அண்டிரிக் அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் அது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அடுத்த ஆண்டே கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' நூலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போர்த்துக்கலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் அடிகளார் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்காகவே கேள்வி பதிலாக எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் அது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே குழந்தைகளுக்கு இடம் இருந்திருக்கிறது! அது அச்சான நாள் 1579 நவம்பர் 14. இன்று நாடு முழுவதும் நாம் குழந்தைகள் நாள் கொண்டாடும் அதே தேதி.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி, கிறிஸ்தவராக ஆவதற்குப் பறங்கியராக மாற வேண்டியதில்லை என்பதைத் தம் காவி உடையாலும் உணவாலும் தமிழாலும் காட்டினார். அதற்காக அவருக்கு உள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறைக்கு அனுமதி தந்தார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர், 1726இல் 3,615 பாடல்களால் 'தேம்பாவணி' பாடினார். புனித சூசையப்பரின் வாழ்வை அவர் தமிழ் வயலும் தமிழ் மலர்களும் சூழப் பாடினார். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய பெரியநாயகி அன்னையின் திருவுருவம், கையில் குழந்தையோடு தமிழ்ப் பெண்ணின் உடையில் இருப்பதை அங்கே திருப்பயணம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்தறியாத தாய்மார் அந்த அன்னையைப் பார்த்ததும் "நம்ம அம்மா" என்றார்கள். ஆயிரம் மறையுரை செய்யாததை அந்த உடை செய்தது.

நம் காலத்துக்கு நெருக்கமாக, கோவாவில் பிறந்த ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா இருந்தார். அவர் 1967இல் காலமானார். சாந்திநிகேதனில் பயின்ற அவர், சேலை உடுத்திய மரியாவையும் இந்தியக் குழந்தையாக இயேசுவையும் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்டனம்தான். மாதாவுக்குச் சேலையா என்று கேட்டவர்கள், வெளிநாட்டு மேலாடை மட்டும் எப்படிச் சரியாகும் என்று தங்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

1979ஆம் ஆண்டு உலகக் குழந்தைகள் ஆண்டு. அந்த ஆண்டில், தேவையில் இருக்கும் திருஅவைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு ஒன்று குழந்தைகளுக்கான சிறிய விவிலியம் ஒன்றை வெளியிட்டது. எலெயோனோர் பெக் எழுதினார். மிரன் சோர்னே படம் வரைந்தார். இதுவரை 180க்கும் மேற்பட்ட மொழிகளில், ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சாகியுள்ளன. வீட்டில் வேறு புத்தகமே இல்லாத பல பிள்ளைகளுக்கு அதுவே முதல் புத்தகம், அதுவே எழுத்துக் கூட்டிப் படித்த பாடநூல்.

அன்பானவர்களே, இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது? நம் முன்னோர் குழந்தையின் கையில் எதையாவது கொடுத்தால் போதும் என்று நினைக்கவில்லை. மொழியைத் தேர்ந்தார்கள், உடையைத் தேர்ந்தார்கள், முகத்தைத் தேர்ந்தார்கள். வரும் புதுநன்மைக்கோ பிறந்தநாளுக்கோ கிறிஸ்து பிறப்புக்கோ புத்தகம் வாங்கப் போகும்போது நாமும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், கடையிலேயே மூன்று பக்கங்களைத் திறந்து முகங்களைப் பாருங்கள். நல்லவர் எல்லாம் ஒரு நிறம், கெட்டவர் எல்லாம் இன்னொரு நிறமா? சினிமாவும் விளம்பரமும் நிறத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே போதுமான பொய் சொல்லிவிட்டன. விவிலியமும் அதையே சொல்கிறது என்று அவர்கள் நினைக்க விடக் கூடாது.

இரண்டாவது, படத்தை விவிலியத்தோடு ஒத்துப்பாருங்கள். ஏதேனில் இருந்தது ஆப்பிள் என்று தொடக்கநூல் சொல்லவில்லை. ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. மூன்று வகைக் காணிக்கைகள் என்றுதான் சொல்கிறார். பவுல் தரையில் விழுந்தார்; குதிரையிலிருந்து விழுந்தார் என்று திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் இல்லை. இவை பெரிய பிழைகள் அல்ல, வழிவழி வந்த கற்பனைகள். ஆனாலும் "இதுல குதிரை எங்கே இருக்கு, தேடு பார்ப்போம்" என்று திருவிவிலியத்தைத் திறந்து பிள்ளையோடு தேடினால், நல்ல ஒரு மறைக்கல்வி வகுப்பு வீட்டிலேயே நடந்துவிடும்.

மூன்றாவது, பிள்ளையின் வயதைப் பாருங்கள். ஈசாக்கின் கழுத்துக்கு மேலே ஓங்கிய கத்தியையும், வெள்ளத்தில் மிதக்கும் உடல்களையும் முழுப் பக்கத்தில் பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை, கடவுளிடம் பயத்தைத்தான் முதலில் கற்றுக்கொள்ளும். அந்தக் கதைகளை மறைக்கச் சொல்லவில்லை. அவற்றுக்குரிய வயது வரும். சின்னப் பிள்ளைகளைத் தடுத்த சீடர்களைக் கடிந்துகொண்டு, அவர்களை அணைத்து ஆசி வழங்கிய இயேசுவை அவர்கள் முதலில் பார்க்கட்டும்.

நான்காவது, அது நம் திருஅவையின் விவிலியத்தோடு ஒத்ததா என்று பாருங்கள். நம் விவிலியத்தில் 73 நூல்கள் உண்டு. பல கதைப் புத்தகங்களில் தோபித்து நூல் இருக்காது. அதனால் பிள்ளைகளுக்கு எவ்வளவு இழப்பு! தோபியாவின் பயணம், துணைக்கு வந்த இரபேல் வானதூதர், ஆற்றில் துள்ளிய மீன், கூடவே நடந்து போன நாய். இதைவிடப் பிள்ளைக்குப் பிடிக்கும் கதை வேறு எது? மறைக்கல்விக்கான நூல்களுக்கு ஆயரின் ஒப்புதல் வேண்டும் என்பது திருஅவைச் சட்டம். முதல் பக்கங்களில் அந்த ஒப்புதல் அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பெயர்களும் சொற்களும் 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை ஒட்டி இருந்தால், பிள்ளை கோவிலில் கேட்பதும் வீட்டில் படிப்பதும் ஒன்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும், பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நாம் செல்போனை எடுத்துக்கொண்டால் பயன் இல்லை. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளிடம் இறைவார்த்தையைப் பற்றிப் பேசுங்கள் என்று இணைச்சட்ட நூல் 6ஆம் அதிகாரம் பெற்றோரிடம்தான் சொல்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகும் முன் பத்து நிமிடம், ஒரு படம், ஒரு கேள்வி. அது போதும்.

நாங்கள் வாங்கிய அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகளிடமிருந்து திருப்பி வாங்கி, வேறு நூல் கொடுத்தோம். பழையதில் ஒரு பிரதியை மட்டும் வைத்திருக்கிறோம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும்போது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு அதையே காட்டுகிறோம். அடுத்த ஞாயிறு அந்தச் சிறுவனிடம் மாற்கு நற்செய்தியைத் திறந்து, சீடர்கள் ஒவ்வொருவரும் "நானா?" என்று கேட்டதை வாசித்துக் காட்டினோம். படம் வரைந்தவர் தப்பாக வரைந்துவிட்டார் என்றும், அன்று நாங்கள் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பியதும் தப்பு என்றும் சொன்னோம். அவன் தலையாட்டினான். அவன் மனத்திலிருந்து அந்தப் படம் முழுவதும் அழிந்துவிட்டது என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. ஒரு படம் அவ்வளவு எளிதில் அழிவதில்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆகவே அன்பு உள்ளங்களே, நம் பிள்ளைகள் பார்க்கும் முதல் படத்திலேயே இயேசுவின் அருகில் தங்களுக்கு ஓர் இடம் இருப்பதைப் பார்க்கட்டும். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வர விடுங்கள் என்று சொன்ன ஆண்டவர், அவர்களுக்கு வழிகாட்டும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் ஆசீர்வதிப்பாராக! ஆமென்.